திறப்புகளின் வரிசை

வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலோ வேறெந்த நூலகத்திலோ நூல் தேடுவோர் இருவகையினர். ஒருவர் நூலின் பெயரைச் சொல்லிக் கேட்பார். மற்றவர், இங்கே இருப்பவை யாவை என அறிய விரும்பித் தட்டு தட்டாகப் பார்த்துச் செல்வார். கணனியில் அமைந்த களஞ்சியங்களும் இவ்விருவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டவை.

1979 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கென் தொம்சன் ஆக்கிய 'டீ.பீ.எம்.' என்னும் சிறு தரவுக் களஞ்சியம் இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு திறப்பு, அதாவது அதனை அழைக்கும் சொல், உண்டு. அச்சொல்லின் எழுத்துக்களிலிருந்து ஓர் எண் கணிக்கப்படும். பொருள் இருக்கும் இடத்தை அவ்வெண்ணே காட்டும். ஆகவே திறப்பை அறிந்தவர் தேடி அலையாது பொருளைப் பெறுவர்.

திறப்பை அறியாதவருக்காக இரு கட்டளைகள் அமைந்தன. ஒன்று முதலாவது திறப்பைத் தரும். மற்றது, கையிலுள்ள திறப்பைக் காட்டினால் அதற்கடுத்ததைத் தரும். இனி எதுவுமில்லை என்ற விடை வரும்வரை இரண்டாவது கட்டளையைத் திரும்பத் திரும்ப ஏவினால் களஞ்சியம் முழுவதையும் வலம்வரலாம். ஆயின் அவ்வரிசை அகரவரிசையன்று. கணித்த எண்களின் போக்கிலேயே அமையும். வலம்வரும்போது புதியன சேர்த்தாலோ பழையன நீக்கினாலோ பொருள்கள் இடம்மாறிச் சில திறப்புகள் தவறிப்போகவுங் கூடும். ஆதலின் திறப்புகள் அனைத்தையும் முதலிற் குறித்துக்கொண்டு, பின்னரே மாற்றங்களைச் செய்வது நன்று.

இம்முறையின் பெரும்பயன் பாதுகாப்பே. ஒவ்வொரு திறப்பாக எடுத்து, அதற்குரிய பொருளை வேறோரிடத்தில் எழுதிவைத்தால் முழுமையான படி கிடைத்துவிடும். இதன் அருமையை ஈழத்தமிழர் நன்கறிவர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுடன் மறைந்தன.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் தன் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடுகிறது. அவ்விலக்கமே அதன் திறப்பு. இலக்கங்களை ஒன்று முதலாக எண்ணிச் சென்றால் எது உள்ளது, எது விடுபட்டது என்பது புலனாகும். கேட்டதைக் கொடுப்பது களஞ்சியத்தின் முதற் கடமை. உள்ளதனைத்தையும் ஒப்புவிப்பது அதனினும் பெரிய கடமை. எண்ணிப் பார்க்கக்கூடிய செல்வத்தையே இழவாது காக்க முடியும்.