ஈராண்டும் ஓராண்டும்: அமெரிக்க நாட்டில் அயன்மொழிக் கல்விப் படிகளின் ஒப்பளவு

அமெரிக்க ஐக்கிய நாட்டில், உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு பயின்ற அயன்மொழி, கல்லூரியில் ஓராண்டு பயின்றதற்கு ஒப்பாகும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்காகும். புதிதாகச் சேரும் மாணவனை எவ்வகுப்பில் அமர்த்துவது என்பதைக் கல்லூரிகள் பல இதனைக் கொண்டே முடிவு செய்தன. இக்கணக்கு எதனை அளந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் படிகளை வரையறுத்தோர் நூற்பக்கங்களைக் கொண்டு அளந்தனர். நவீன மொழிக் கழகத்தின் பன்னிருவர் குழு, பேராசிரியர் கால்வின் தாமஸ் தலைமையில் 1898இல் அளித்த அறிக்கை, ஜெர்மன் மொழிக்கு முதலாண்டில் 75 முதல் 100 பக்கமும் இரண்டாமாண்டில் 150 முதல் 200 பக்கமும் வகுத்தது. பிரெஞ்சு மொழிக்கோ முதலாண்டில் 100 முதல் 175, அடுத்த ஆண்டில் 250 முதல் 400. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் உடன் வேண்டப்பட்டன. பக்கம் எண்ணுதல் இன்று நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் மாணவன் எதனைப் படித்தான் என்பதேனும் அதனால் விளங்கிற்று.

பின்னர்க் காலத்தை எண்ணும் முறை வந்தது. கார்னகி அறநிறுவனம் 1906இல் வகுத்த அலகு, ஒரு பாடத்தில் 120 மணி நேரக் கல்வியைக் குறித்தது. பள்ளியில் நாள்தோறும் 45 நிமிடமாக 36 வாரம் பாடம் நடப்பின் 135 மணி ஆகும். கல்லூரியில் வாரம் நான்கு முறை, 50 நிமிடமாக 30 வாரம் நடப்பின் 100 மணியே ஆகும். வகுப்பு நேரம் ஒன்றே அளவாயின், பள்ளியாண்டு கல்லூரியாண்டினும் குறைந்ததன்று. அங்ஙனமாகவும் அதனைப் பாதியாக மதித்தமைக்குக் காரணம், கல்லூரி மாணவனின் முதிர்ச்சியும், வகுப்பிற்குப் புறம்பே அவன் செய்யும் தனிப்பயிற்சியும் பற்றிய நம்பிக்கையே எனலாம். எனவே, இஃது அளந்து கண்ட உண்மையன்று, ஊகமே.

அளந்து பார்த்தபொழுது ஊகம் ஆட்டங்கண்டது. நியூயார்க்கில் பென் உட் புதுவகைத் தேர்வுகளைக் கொண்டு நடத்தி, 1927இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாமாண்டு மாணவருட் சிலர் மூன்றாமாண்டினருட் பலரை விஞ்சி நின்றனர். இரண்டாண்டுகளுக்குப் பின், ஆல்கர்னான் கோல்மன் தம் அறிக்கையில், மாணவருட் பெரும்பாலோர் ஈராண்டோடு மொழிப்பாடத்தை விட்டுவிடுதலின் வாசிப்புத் திறனையே முதல் நோக்கமாகக் கொள்ள வேண்டுமென்றார். ஆண்டு போதாதெனின் ஆண்டைக் கூட்டாது குறிக்கோளைக் குறைத்தது எனக்கு உடன்பாடன்று. 1943இல் படைவீரர்க்கு நடத்தப்பெற்ற செறிவு வகுப்புகள் பேச்சுத் திறனை மீண்டும் முன்னிறுத்தின.

1967இல் ஜான் கரோல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அயன்மொழியைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெறும் நிலையிலிருந்தோரை அவர் ஆராய்ந்தார். அம்மொழி வழங்கும் நாட்டில் தங்கிப் பயின்றோர் மேம்பட்டு நின்றமை புலனாயிற்று. அத்தங்கலைக் கணக்கிட அலகேட்டில் இடமில்லை.

தமிழுக்கு இச்சிக்கல் வேறு வடிவில் வந்தது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் துணையால் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழும் கற்பிக்கப்பெற்றது. பிரெஞ்சு மாணவனுக்குப் பின்னால் பள்ளியாண்டுகள் இருந்தன. தமிழ் மாணவன் பொதுவாக அகரத்திலிருந்தே தொடங்கினான். ஆகவே, இருவர்தம் மூன்றாமாண்டும் பெயரால் ஒன்றேயன்றிப் பொருளால் ஒன்றன்று. பிற்காலத்தே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இவ்வகுப்புகளுக்கு வந்தனர். வீட்டுப் பேச்சு இவர்க்குச் செவிப்பழக்கம். எழுத்துத் தமிழோ பலர்க்குப் புதிது. 1986இல் அமெரிக்க அயன்மொழி ஆசிரியர் அவை வெளியிட்ட திறன் நெறிமுறைகள் பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் என நான்கையும் தனித்தனியே படியிட்டன. பேச்சும் எழுத்தும் இத்துணை விலகி நிற்கும் நம் மொழிக்கு, ஒரே வகுப்பெண்ணைக் காட்டிலும் அம்முறை பொருந்துவதாகும்.