காலரா மருந்து தாய்மார் கைக்கு வந்த கதை

காலராவில் உயிரைப் பறிப்பது உடலிலிருந்து வழிந்தோடும் தண்ணீரும் உப்பும்தான். கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை கழிச்சலில் போகும். விடிவதற்குள் ஆள் போய்விடுவார். இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் பிழைப்பார் என்பது 1832-லேயே தெரிந்த செய்தி. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை ரத்தக்குழாயில் ஏற்றி, சாகக் கிடந்த சிலரை மீட்டார். அதற்குப் பிறகும் 140 ஆண்டுகள் வங்காளத்தில் ஏழைகள் கொத்துக்கொத்தாக மடிந்ததற்கு அறிவுக்குறை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. மருந்தை மருத்துவர் கையிலிருந்து விட மனம் வராததும் காரணம்.

இது நியாயமற்ற குற்றச்சாட்டு என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். 1953-லேயே கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துத் தேற்றினார். ஆனால் அவர் ஒப்பீட்டுக் குழு வைக்கவில்லை. அந்த 186 பேருக்கு நோயும் கடுமையாக இல்லை. சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. குடல் உப்பை உறிஞ்சக் குளுக்கோஸ் துணைபோகிறது என்பது 1960-ஐ ஒட்டித்தான் விளங்கியது. காலரா நஞ்சு அந்த வழியை அடைப்பதில்லை. 1968-இல் டாக்காவில் மருத்துவர்கள் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் குடிக்கும் கரைசல் பலன் தருவதை அளந்து நிறுவிய பின் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும், பயிற்சி பெற்றவர் பக்கத்திலிருந்து அளந்து ஊட்டினால்தான் ஆபத்தில்லை என்ற எண்ணம் மாறவில்லை.

அதை உடைத்தது 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, இந்தியாவுக்குள் வந்த அகதி வெள்ளம். எல்லையோரப் பொங்காவ் மருத்துவமனையில் தரையெங்கும் நோயாளிகள் கிடக்க, ரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தை மருத்துவரான திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டி வரவழைத்து, டிரம்களில் கரைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சில முகாம்களில் 30 சதவீதம் வரை சென்ற இறப்பு அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாக நின்றது. இதுவும் முறையான ஆய்வல்ல என்றார்கள். உண்மைதான். ஆனால் அங்கே மறுபக்கம் வைத்து ஒப்பிட வேண்டியிருந்தது எதுவும் கிடைக்காமல் சாகும் மனிதர்களை. அதை எந்த மருத்துவரிடமும் கேட்க முடியாது.

முகாமில் சரி, வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத தாய் அளவு தவறினால்? உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எனவே இந்தக் கேள்வி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. அவர்கள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த அளவு இதுதான்: மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பிறகு வந்து சோதித்து, அதைப் பொறுத்தே பணியாளருக்குச் சம்பளம் தந்தார்கள். கற்ற பலரும் முதலில் அதைப் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்தவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லாததும், வீட்டு ஆண்களிடம் பேசாமல் விட்டதும் தெரியவந்தது. இரண்டையும் திருத்திய பிறகே கரைசல் வீட்டுப் பழக்கமானது.

கரைசலால் நோய் பரவுவது நிற்காது என்பதை மறுக்க முடியாது. மயங்கிச் சரிந்தவருக்கு இன்றும் சலைன்தான் வேண்டும். கழிவு கலக்காத குடிநீர் தருவது அரசின் கடமை, அதைத் தாயின் தலையில் கட்டக் கூடாது. 2017-இல் ஏமனில் போர் நீர்விநியோகத்தையும் கழிவுநீர் அமைப்பையும் முடக்கியபோது பத்து லட்சம் பேருக்குக் காலரா இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. அவர்களில் இறந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.