ஒரு விழுக்காட்டு வரியும் துவாரகாவின் கொத்தனார்களும்

தில்லியின் தென்மேற்கு விளிம்பில், இந்திரா காந்தி விமான நிலையத்தை அடுத்து, ஏறத்தாழ 5,600 ஹெக்டேர் நிலப்பரப்பில் தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய துவாரகா என்னும் துணை நகர், தொடக்கத்தில் பப்பன்கலா திட்டம் என்ற பெயரிலேயே அரசு ஆவணங்களில் வழங்கிவந்தது. கக்ரோலா, பக்டோலா, பொச்சன்பூர், அம்பர்ஹாய் முதலிய ஊர்களின் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டு, செக்டார் எனப்படும் எண்ணிட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அப்பிரிவுகளில் ஆணையமே கட்டிய குடியிருப்புகளும், ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்து நிலம் பெற்றுக் கட்டிக்கொண்ட கூட்டுறவு அடுக்ககங்களும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அந்தச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்களில் நடந்த முறைகேடுகள் நடுவண் புலனாய்வுத் துறைவரை சென்றதால் நகரின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே பேசப்படுகிறது. சுவர் எழுப்பியவர்களின் கணக்கு அந்த வரலாற்றில் இடம்பெறுவது அரிது.

உழைப்பவர்க்காகக் கட்சித் தலைமைகள் போதிய அளவு போராடினவா என்னும் வினா, இந்தியாவில் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரை முன்வைத்தே எழுப்பப்பட்டு வந்துள்ளது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும் 1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தையும் பேசுவோர், காங்கிரசும் நீதிக்கட்சியும் அப்போது எங்கே நின்றன என்பதைக் கேட்காமல் விடுவதில்லை. துவாரகாவில் அத்தகைய ஆலை இல்லை; ஆனால் கால் நூற்றாண்டுக் காலம் அந்த நகரே ஒரு வேலைத்தளமாக இருந்தது. எனவே இங்கே அந்த வினாவை ஒரு வாயிற்கூட்டத்தையோ வேலைநிறுத்தத்தையோ கொண்டு எடைபோட முடியாது. ஒரு சட்ட வரைவு எவ்வாறு நிறைவேறியது, நிறைவேறும்போது அதிலிருந்து எது கழன்று விழுந்தது என்பதைக் கொண்டே எடைபோட வேண்டியிருக்கிறது.

தில்லிக் கட்டுமானத் தளத்தில் வேலை அளிப்பவர் யார் என்பது எளிதில் விடை காண முடியாத ஒன்று. உரிமையாளரிடமிருந்து பணியை எடுப்பவர் தேக்கேதார் எனப்படும் ஒப்பந்ததாரர். அவருக்கு ஆள் சேர்த்துத் தருபவர் ஜமாதார், அதாவது தமிழ்நாட்டில் ஆள்பிடிக்கும் மேஸ்திரிக்கு நிகரானவர். ஊரிலேயே முன்பணம் கொடுத்து, பீகார், இராஜஸ்தான், புந்தேல்கண்ட் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அவர் ஆட்களை அழைத்துவந்தார். தமிழில் கொத்தனார் என்பவர் அங்கே ராஜ்மிஸ்திரி. சித்தாள் அங்கே பேல்தார். கட்டடம் முடிந்ததும் தளம் கலைந்துவிடும். கூலி பாக்கி இருந்தால் ஒப்பந்ததாரர் ஜமாதாரையும் ஜமாதார் ஒப்பந்ததாரரையும் கைகாட்டுவார்கள்.

இந்த அமைப்பு முதன்முதலாக நாட்டின் கவனத்துக்கு வந்தது 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தபோதுதான். சனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் தொடுத்த வழக்கில் நடுவண் அரசும் தில்லி நிர்வாகமும் மட்டுமன்றி, பின்னாளில் துவாரகாவை எழுப்பிய தில்லி வளர்ச்சி ஆணையமும் எதிர்த்தரப்பாக நின்றது. குறைந்தபட்சக் கூலியான நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசில் ஒரு ரூபாயை ஜமாதார்கள் தரகாகப் பிடித்துக்கொண்டனர் என்பது வழக்கின் மையச் செய்தி. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலைவாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பி. என். பகவதி அவ்வாண்டு செப்டம்பரில் எழுதிய தீர்ப்பு கூறியது. தளங்களுக்குச் சென்று விவரம் திரட்டியதும் நீதிமன்றம் ஏறியதும் எந்தப் பெருங்கட்சியின் தொழிற்சங்கமும் அல்ல, ஓர் உரிமை அமைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சி சார்ந்த சங்கங்களுக்கு நிலையான வாயிலும் வருகைப் பதிவேடும் சந்தா கட்டும் உறுப்பினரும் தேவைப்பட்டனர். ஆறு மாதத்தில் இடம்மாறிவிடும் சித்தாளுக்கு அவற்றுள் எதுவும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப எழுந்த இயக்கத்தின் வேர்களுள் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. 1979இல் உருவான தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் கட்சிகளுக்கு வெளியே வளர்ந்த அமைப்பு. 1982இல் மாநில அரசு இயற்றிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், நடைமுறைக்கு வருவதில் நீண்ட இழுபறி கண்டு, 1994ஆம் ஆண்டின் இறுதியிலேயே கட்டுமானத் தொழிலாளர்க்கு ஒரு நல வாரியத்தைத் தந்தது. ஆனால் மேஸ்திரியின் கைவரிசை மாநில எல்லையோடு நிற்பதில்லை என்பதால், நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டுமென்று 1985இல் தில்லியில் பல மாநிலச் சங்கங்கள் கூடி, கட்டுமானத் தொழிலாளர்க்கான நடுவண் சட்டத்துக்கான தேசியப் பரப்புரைக் குழுவை அமைத்தன. அதன் தலைவராக இருந்தவர் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் கேரளத்தின் முதல் பொதுவுடைமை அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த அவருக்கு, ஒரு சட்டத்தின் சொற்களுக்கும் அதன் விளைவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பது இருபுறமிருந்தும் தெரிந்திருக்கும். குழுவின் வரைவு இலட்சக்கணக்கான கையொப்பங்களோடு மக்களவையின் மனுக்கள் குழுவிடம் அளிக்கப்பட்டது.

அந்த வரைவு கேட்டது உதவித்தொகையை அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் அமைந்த துறைமுகத் தொழிலாளர் வாரியங்களும், மகாராட்டிரத்தில் சுமைதூக்குவோர்க்காக 1969இல் வந்த மாதாடிச் சட்டமும் அதற்கு முன்மாதிரிகள். அவ்வாரியங்களில் அரசு, வேலை அளிப்போர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் இருப்பர். தொழிலாளியும் முதலாளியும் பதிவுசெய்துகொள்வர். ஆள் வேண்டுவோர் வாரியத்திடம் கேட்பர். கூலியை வாரியத்தில் கட்டுவர். வாரியம் அதைத் தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்து, விடுப்பு, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றுக்கும் கணக்கு வைக்கும். இந்த ஏற்பாட்டில் ஜமாதாருக்கு இடமே இல்லை. வேலையை ஒழுங்குபடுத்துவதே அந்த இயக்கத்தின் கோரிக்கை. நலத்திட்டங்கள் அதிலிருந்து தாமாகக் கிளைப்பவை என்றே அது கருதியது.

பல ஆண்டு இழுத்தடிப்புக்குப் பின், நரசிம்மராவ் தலைமையிலான காங்கிரசு அரசு 1995 நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட்டு, தேவகவுடாவின் ஐக்கிய முன்னணி ஆட்சியில், 1996 ஆகஸ்டு 19 அன்று இரண்டு சட்டங்களாக நிலைபெற்றது. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் தமிழ் மாநிலக் காங்கிரசைச் சேர்ந்த, தென்காசித் தொகுதி உறுப்பினர் மு. அருணாசலம். முதற்சட்டத்தின் பெயரில் வேலையை ஒழுங்குபடுத்துதல் என்ற சொற்கள் இருந்தன. உள்ளே, முத்தரப்பு வாரியம் ஆள் அமர்த்தும் அதிகாரமோ கூலி பட்டுவாடா செய்யும் அதிகாரமோ பெறவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் தளங்களுக்குப் பதிவு, பாதுகாப்பு விதிகள், நல நிதி என்பனவே எஞ்சின. இரண்டாம் சட்டம் கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடுவரை வரி தண்ட வழிசெய்தது. தண்டப்பட்டது ஒரு விழுக்காடே. ஆண்டில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று காட்டும், 18 முதல் 60 வயதுக்குட்பட்டோர் அந்நிதியில் பயன்பெறலாம் என்றாயிற்று. அந்தச் சான்றைத் தர வேண்டியவர் யாரென்றால், தமக்கு ஆளே இல்லை என்று கணக்குக் காட்டிப் பழகிய அதே ஒப்பந்ததாரர்.

இடதுசாரிகளும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெலுங்கு தேசமும் பங்கேற்ற அல்லது தாங்கிநின்ற ஓர் ஆட்சி, துறைமுகங்களில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே வழங்கப்பட்ட ஒன்றைக் கட்டடத் தொழிலாளர்க்கு வழங்கத் துணியவில்லை என்பதே இவ்வரலாற்றின் முடிச்சு. கிடைத்ததை ஏற்போம், மீதியைப் பிறகு பெறுவோம் என்ற கருத்துக்கும் அன்று நியாயம் இருந்தது. நிலையற்ற கூட்டணி ஒன்றில் வரிச் சட்டம் நிறைவேறியதே பெரிது. ஆனால் மீதியைக் கேட்டு எந்தத் தலைமையும் பின்னர் நாடாளுமன்றத்தை முடக்கவில்லை, ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. அணுசக்தி உடன்பாட்டுக்காக 2008இல் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதை நினைத்தால், அவ்வாறு செய்யும் வலிமை அவர்களுக்கு இல்லாமல் இல்லை.

சட்டத்தைச் செயற்படுத்தும் விதிகள் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டன. தில்லியில் 1993 முதல் 1998 வரை பாரதிய சனதாவும், அதன்பின் ஷீலா தீட்சித் தலைமையில் காங்கிரசும் ஆண்டன. விதிகள் அறிவிக்கப்பட்டது 2002 சனவரியில், வாரியம் அமைந்தது அவ்வாண்டின் பிற்பகுதியில். துவாரகாவின் கூட்டுறவு அடுக்ககங்களில் முதல் அலை எழுந்ததும் இந்த ஐந்தரை ஆண்டு இடைவெளியும் ஏறக்குறைய ஒரே காலம். அதற்குள் முடிந்த கட்டடங்களில் சாரம் சரிந்து விழுந்தவர்க்கோ, செங்கல் சுமந்து முதுகொடிந்தவர்க்கோ அந்த ஒரு விழுக்காட்டிலிருந்து ஒரு காசும் சேர வழியில்லை. பின்னரும் ஒப்பந்ததாரர்கள் வரியை எதிர்த்து வழக்காடினர். 2011 நவம்பரில் திவான் சந்த் பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்று கூறியபோது, மெட்ரோ ரயில் துவாரகாவுக்கு வந்து ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

கட்சிகள் இக்காலத்தில் இவர்களை மறந்திருந்தன என்று சொல்வது சரியாகாது. கட்டடம் முடிந்தபின் ஊர் திரும்பாதவர்கள் துணை நகரின் ஓரத்திலுள்ள மகாவீர் என்கிளேவ், உத்தம் நகர், தாப்ரி போன்ற இடங்களில், அங்கீகாரம் பெறாத காலனிகள் எனப்படும், நகரத் திட்டத்துக்கு வெளியே விற்கப்பட்ட சிறு மனைகளில் குடியேறினர். பூர்வாஞ்சலிகள், அதாவது பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் என்ற அடையாளத்தில் அவர்கள் வாக்குவலிமை பெற்றனர். 2008 தேர்தலுக்கு முன் 1,218 காலனிகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்களைக் காங்கிரசுத் தலைவர் சோனியா காந்தி வழங்கினார். 2020 தேர்தலுக்கு முன் 1,731 காலனிகளுக்கு உரிமை தரும் சட்டத்தைப் பாரதிய சனதாவின் நடுவண் அரசு நிறைவேற்றியது. ஆம் ஆத்மி கட்சி குடிநீரையும் மின்கட்டணச் சலுகையையும் கொண்டு அதே தெருக்களில் வாக்குக் கேட்டது. துவாரகா சட்டமன்றத் தொகுதியில் 2008இல் காங்கிரசின் சார்பில் வென்ற மகாபல் மிஸ்ராவும், 2020இல் ஆம் ஆத்மியின் சார்பில் வென்ற அவர் மகன் வினய் மிஸ்ராவும் இந்த அரசியலின் மக்களே. தொழிலாளி குடியிருக்கும் வீட்டுக்காகக் கட்சிகள் ஒன்றையொன்று முந்தின. அவர் வேலைபார்க்கும் தளத்தின் வாயிலில் மட்டும் எதையும் காணோம். வீட்டுக்குப் பட்டா தந்தால் யாருக்கும் நட்டமில்லை. கூலிக்குப் போராடினால், கட்சிக்கு நிதி தரும் ஒருவர் முகம் சுளிப்பார்.

இதற்கு ஒரு விலக்கைக் குறிப்பிடாமல் விட முடியாது. 2017 மார்ச்சில் தில்லியின் ஆம் ஆத்மி அரசு குறைந்தபட்சக் கூலியை 37 விழுக்காடு உயர்த்தி, திறன்பெறாத் தொழிலாளிக்கு மாதம் 13,350 ரூபாய் என அறிவித்தது; வேலை அளிப்போர் நீதிமன்றம் சென்றனர்; 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இரத்து செய்தபின்னும் அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி உயர்வை மீட்டது. ஆனால் வருகைப் பதிவேடே இல்லாத தளத்தில் கூலி அறிவிக்கை யாரைத் தேடிப் பிடிக்கும் என்ற 1982ஆம் ஆண்டின் கேள்வி அப்படியே நின்றது.

நல நிதியின் கதை வேறு திசையில் போயிற்று. பரப்புரைக் குழுவின் வழக்கில் 2018 மார்ச்சில் நீதிபதி மதன் லோக்குர் அமர்வு அளித்த தீர்ப்பின்படி, நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் தண்டப்பட்டு, ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே செலவாகியிருந்தது. தில்லியில் காற்று மாசினால் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கப்படும் குளிர்காலங்களில் இந்நிதியிலிருந்து பிழைப்புப்படி தரும்படி 2021 முதல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 டிசம்பரில், சுமார் 90 ஆயிரம் பேருக்கு 8,000 ரூபாய்க்குப் பதில் 2,000 மட்டுமே தரப்பட்டிருப்பது கண்டு மீதியை உடனே கொடுக்க வைத்ததும் அம்மன்றமே.

2023 செப்டம்பர் 17 அன்று, துவாரகாவின் 25ஆம் செக்டாரில் எழுந்த யசோபூமி மாநாட்டு மையத்தைத் திறந்துவைத்த தலைமை அமைச்சர் நரேந்திர மோதி, 13,000 கோடி ரூபாய் மதிப்பிலான விசுவகர்மா திட்டத்தையும் அங்கேயே தொடங்கினார். அத்திட்டம் கைவினைஞர்க்கானது, அது ஏற்கும் 18 தொழில்களுள் ராஜ்மிஸ்திரி, அதாவது கொத்தனாரும் ஒருவர். 15,000 ரூபாய் கருவிகளுக்காகவும், முதலில் ஒரு இலட்சமும் பிறகு இரண்டு இலட்சமும் ஐந்து விழுக்காட்டு வட்டியில் கடனாகவும் அவருக்குக் கிடைக்கும்; ஆனால் அவர் பிறரிடம் கூலிக்கு நிற்பவராக இல்லாமல், சுயமாகத் தொழில் செய்பவராகப் பதிந்துகொள்ள வேண்டும். 1980களின் வரைவில் கொத்தனாருக்குக் கூலி தர வேண்டிய முதலாளி ஒருவர் இருந்தார். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் வரி கட்டுபவராக மாறினார். யசோபூமியில் தொடங்கிய திட்டத்தில் முதலாளியின் இடத்தில் கொத்தனாரே நிற்கிறார்.