ஆண்டுத் தூணும் நாள் தூணும்: கொரிய மணப்பொருத்தம் மாறிய வரலாறு

பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் நான்கு தூண்களாக நிறுத்திப் பலன் சொல்லும் கொரியச் சோதிடத்துக்குச் ‘சாஜு’ என்று பெயர். தூணுக்கு இரண்டு எழுத்துகள்: ஒன்று வானத் தண்டு, மற்றொன்று நிலக் கிளை. தண்டுகள் 10, கிளைகள் 12. இவை சேர்ந்து சுழன்று 60 சேர்க்கைகளைத் தருகின்றன. அறுபதாண்டுச் சுழற்சி தமிழருக்குப் புதிதல்ல. ஆனால் கொரியாவில் மாதமும் நாளும் நேரமும்கூட அதே அறுபதில்தான் சுழல்கின்றன. இருவரின் எட்டெழுத்துகளையும் ஒப்பிட்டு மணப்பொருத்தம் பார்ப்பது ‘குங்ஹாப்’. இதை மாறாத தொல்மரபாகச் சொல்வதே வழக்கம். ஆனால் நான்கு தூண்களில் எதற்கு முதலிடம் கிடைத்தது என்று கவனித்தால், இரண்டு குடும்பங்களைப் பற்றிய கேள்வியாக இருந்தது எப்படி இரண்டு மனிதர்களைப் பற்றிய கேள்வியானது என்பது புலப்படும்.

முறையின் பிறப்பிடம் சீனம். அதன் முன்னோடியாகக் கருதப்படும் லீ ஷுஜொங் 813இல் இறந்தார். தாங் காலத்துப் பெரும் உரைநடையாளர் ஹான் யூ அவருக்கு எழுதிய கல்லறை வாசகம், பிறந்த ஆண்டு, மாதம், நாள் கொண்டு அவர் பலன் கணித்ததைக் குறிப்பிடுகிறது. அவர் பெயரால் வழங்கும் மரபில் ஆண்டுத் தூணே மையம். பின்னர் ஷூ ஜீபிங் பெயரால் சோங் காலத்தில் பரவிய முறை நாள் தூணின் தண்டையே ‘தான்’ என்று கொண்டது. ஆண்டுத் தூண் முன்னோரையும் மாதத் தூண் பெற்றோரையும் குறிக்க, நாள் தூணின் கிளை வாழ்க்கைத்துணைக்குரிய இருப்பிடமானது. நேரத் தூண் பிள்ளைகளுக்கு.

கொரியாவை ஆண்ட சோசன் அரசு இந்தப் புதிய முறையை நன்கு அறிந்திருந்தது. 1485இல் முழுமை பெற்ற ‘கியோங்குக் தேஜோன்’ சட்டத் தொகுப்பு, அரசுச் சோதிடர் தேர்வுக்குரிய நூல்களில் ஷூ ஜீபிங் பெயரிலான நூலையும் சேர்த்தது. பார்வையற்ற சோதிடர்களுக்கும் அரசுப் பணியிடங்கள் இருந்தன. ஆயினும் ஊரில் நடந்த பொருத்தம் ஆண்டுத் தூணை விடவில்லை. காரணம் எளிது என்றே நினைக்கிறேன்: நாள் தூணை அறியப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும், பிறந்த ஆண்டின் கிளைக்குரிய விலங்கோ எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே முடிவாகும் திருமணத்தில் அறிய வேண்டியது வீட்டைப் பற்றித்தான். முன்னோரைக் குறிக்கும் தூண் அதற்குப் போதும்.

திருமணம் உறுதியானதும் மணமகன் வீட்டார் அவனுடைய நான்கு தூண்களையும் தாளில் எழுதி மடித்து உறையிலிடுவார்கள். ஒரு குச்சியை நடுவே பிளந்து, உறையை அதில் செருகி, சிவப்பும் நீலமுமான நூலால் சுற்றி, துணியில் பொதிந்து பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். நான்கு தூண்களும் முறையாக வந்து சேர்ந்தபோது பொருத்தம் பார்க்கும் கட்டம் ஏற்கெனவே கடந்திருக்கும். பெண் வீட்டாருக்கு அந்தத் தாள் பயன்பட்டது முகூர்த்த நாள் குறிக்க. அரண்மனையில் இது தலைகீழ். அரச குடும்பத்துக்குப் பெண் தேடும்போது நாட்டில் திருமணங்கள் நிறுத்தப்படும். தகுதியுள்ள குடும்பங்கள் மகளின் நான்கு தூண்களையும் முன்னோர் விவரத்தையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

ஆண்டை வைத்துப் பார்க்கும் ‘வெளிப் பொருத்த’த்திலும் ஒரே விதி கிடையாது. 1986இல் பிறந்தவர் புலி, 1992இல் பிறந்தவர் குரங்கு. பன்னிரு கிளைகளின் வட்டத்தில் புலியும் குரங்கும் நேரெதிர், மோதல். ஆறு வயது வித்தியாசம் உள்ள எல்லா இணைகளுக்கும் இதே கதிதான். ஆனால் 60 ஆண்டுகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து ஐம்பூதப் பெயர் சூட்டும் இன்னொரு கணக்கில் 1986 ‘உலைக்களத் தீ’, 1992 ‘வாள்முனைப் பொன்’. தீ பொன்னை அழிக்கும் என்பது பொதுவிதி. வாள்முனைப் பொன்னுக்கோ விலக்கு உண்டு: தீயில் காய்ந்தால்தான் அது வாளாகும். ஆக, ஒரு கணக்கில் ஆகாத இணை இன்னொரு கணக்கில் உத்தமம். இந்த முரண்பாட்டைக் குறை என்று சொல்ல மாட்டேன். வேண்டாத சம்பந்தத்தை யார் மனமும் கோணாமல் தட்டிக்கழிக்க இது வசதியாக இருந்திருக்கும். நான்கு வயது வித்தியாசமென்றால் பொருத்தமே பார்க்க வேண்டாம் என்ற வழக்குமொழி இன்றும் உண்டு. 1986இன் புலி, 1990இன் குதிரை, 1994இன் நாய் என நான்காண்டு இடைவெளியில் வரும் விலங்குகள் நட்புக் கூட்டணி என்பதே அதன் அடிப்படை.

1894 சீர்திருத்தம் குழந்தை மணத்தைத் தடுத்து, விதவை மறுமணத்தை அனுமதித்தது. 1896இல் சூரிய நாட்காட்டி வந்தது. அதன்பின் கடிகாரமே சிக்கலானது. 1908இல் கொரிய நேரம் கிரீனிச்சுக்கு எட்டரை மணி முன்னால் வைக்கப்பட்டது; 1912இல் ஜப்பானிய ஆட்சி அதை ஒன்பது மணியாக்கியது; 1954இல் மீண்டும் எட்டரை, 1961இல் மீண்டும் ஒன்பது. சியோல் ஏறத்தாழ 127 பாகை கிழக்கில் இருக்க, கடிகாரமோ 135 பாகையைப் பின்பற்றுகிறது. வித்தியாசம் சுமார் 32 நிமிடம். இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் நேரத் தூணின் எல்லையில் பிறந்தவருக்கு அந்த அரை மணி வேறொரு எழுத்தையே தந்துவிடும். 1987, 1988 கோடையில் பிறந்தவருக்குக் கோடைக்கால நேரத்துக்காக இன்னும் ஒரு மணியைக் கழிக்க வேண்டும்.

ஆண்டை மட்டும் பார்க்கும் பழக்கத்தின் கொடிய முகம் 1990இல் தெரிந்தது. அது வெள்ளைக் குதிரை ஆண்டு. அவ்வாண்டுப் பெண்கள் அடங்காதவர்கள் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. ஸ்கேன் மூலம் பாலினம் அறிந்து கருக்கலைப்பு செய்வது ஏற்கெனவே பெருகியிருந்த காலம். அந்த ஆண்டு 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. மகன் வேண்டும் என்ற ஆசையே முதற்காரணம். ஆனாலும் ஆண்டின் பெயருக்குப் பங்கில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்று சியோலின் ஹொங்தே, கங்னம் பகுதிகளில் உள்ள சாஜு கஃபேக்களுக்குக் காதலர்கள் சேர்ந்தே போகிறார்கள். நேரத் திருத்தத்தைச் செயலிகளே செய்துவிடுகின்றன. பேச்சு பெரும்பாலும் நாள் தூணைப் பற்றியது: இருவரின் நாள் தண்டுகள் கூடுமா, துணையின் இருப்பிடம் மோதலில் இருக்கிறதா என்பது. இதனால் பார்வை சமநிலைக்கு வந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். ஷூ ஜீபிங் முறையில் ஆணுக்கு மனைவி என்பது அவன் அடக்கும் பூதம். பெண்ணுக்குக் கணவன் என்பது அவளை அடக்கும் பூதம். தனிமனிதரை மையப்படுத்திய முறையே உள்ளுக்குள் இந்த ஏற்றத்தாழ்வைச் சுமந்து வந்தது. இக்காலச் சோதிடர்கள் பலர் பெண்ணின் ஜாதகத்தில் அந்த அடக்கும் பூதத்தைக் கணவனாக மட்டும் படிப்பதில்லை. வேலை, பதவி என்றும் படிக்கிறார்கள். ஆணின் ஜாதகத்தில் பழைய நூல்களே அதைப் பதவி என்றுதான் படித்தன.