மறக்கக் கூடாத ஒரு பெட்டி எண்: 1711



பழைய ரயில் இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்துப் பீடத்தில் நிறுத்தியிருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். சரக்குப் பெட்டிக்கு அந்த மரியாதை கிடைப்பது அபூர்வம். நம் விருத்தாசலம் ஜங்ஷன் வழியாக எத்தனை கூட்ஸ் போகிறது! ஒரு பெட்டியின் எண்ணையாவது நினைவில் வைத்திருக்கிறோமா? நூறு வருடம் தாண்டியும் மறக்காத எண் ஒன்று உண்டு. இன்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

1921-ஆம் ஆண்டு. மலபார் அப்போது நம் மதராஸ் மாகாணத்தில் ஒரு மாவட்டம். ஆகஸ்டில் அங்கே மாப்பிளா கிளர்ச்சி மூண்டது. பிடிபட்டவர்களை ரயிலேற்றி வெளியூர்ச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 19 மாலை திரூரில் சுமார் 100 கைதிகளை ஒரே பெட்டியில் அடைத்துக் கதவைப் பூட்டினார்கள். அது மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் சாமான் பெட்டி. எண் 1711.

கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர் வரை சுமார் 140 கிலோமீட்டர். நள்ளிரவு தாண்டி அங்கே கதவைத் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தார்கள். பிறகும் சிலர் இறக்க, மொத்தம் 70 ஆனது. பெரும்பாலோர் மாப்பிளா முஸ்லிம்கள். இந்துக்கள் சிலரும் உண்டு. உடல்களை ரயிலிலேயே திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அரசு அமைத்த நாப் குழு விசாரித்தது. பெட்டியில் காற்றுத் துளைகள் இருந்தன. ஆனால் அவற்றின் மேலிருந்த மெல்லிய கம்பி வலை பெயின்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. நம் ஊர் சூளைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று வழி அடைபட்டால் நெருப்பே அணைந்துவிடும். மனிதன் என்ன ஆவான்?

சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை டன் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். எத்தனை மனிதரை ஏற்றலாம் என்று எழுதியிருக்காது. அதை ஏற்றுகிறவர் மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

திரூர் மக்கள் தங்கள் டவுன் ஹாலுக்கு 'வேகன் டிராஜடி' நினைவுப் பெயரையே வைத்தார்கள். 2018-இல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இந்தச் சம்பவத்தை ஓவியமாக வரைந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அழித்துவிட்டார்கள். கிளர்ச்சியைப் பற்றி இன்றும் வேறுவேறு கருத்து உண்டு. இருக்கட்டும். எந்தக் கருத்துக்காரரும் அடைபட்ட அந்த வலையை இல்லையென்று சொல்ல முடியாது. சுவரில் அழிந்தாலும் விசாரணைக் காகிதத்தில் 1711 நிற்கிறது.

பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தரும்போது தேதியோடு நிறுத்தாதீர்கள். கதவைப் பூட்டியது யார், வழியில் திறந்து பார்த்தார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ரயில்வேயில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார்டு ஓரத்தில் பழைய பெட்டி ஏதாவது துருப்பிடித்து நின்றால், இரும்பு விலைக்குப் போவதற்கு முன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எதைச் சுமந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.