வாடை போன கை, நஞ்சு தங்கிய நகம்

விலங்குகளைப் பாடம் செய்பவர் கையில் தங்கும் கவிச்சி வாடை கொழுப்போடு ஒட்டிக்கொண்டது. வெறும் தண்ணீருக்கு அது போகாது. காரமோ சோப்போ இருந்தால்தான் பிசுக்கு விடும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் ழான் பத்தீஸ்த் பெக்கூர், பறவைத் தோல்களைக் காக்க உருவாக்கிய கலவையில் இரண்டுமே இருந்தன. சோப்பு, பொட்டாசியம் கார்பனேட், சுண்ணாம்பு, கற்பூரம், கூடவே வெள்ளைப் பாஷாணம். இதைத் தோலின் உட்புறம் பூசியவர் கையில் மணத்தது கற்பூரம்தான். மூக்கை நம்பிக் கையின் சுத்தத்தை அளந்த பழக்கமே இந்தத் தொழிலுக்குப் பெருங்கேடு செய்தது என்பேன். பாஷாணத்துக்கு வாடை கிடையாது. நகக்கண்ணுக்குள் புகுந்து புண்ணாக்கிய பிறகுதான் அது தன்னைக் காட்டிக்கொண்டது.

அந்த நஞ்சு இல்லாவிட்டால் அருங்காட்சியகங்களில் ஓர் இறகுகூட மிஞ்சியிருக்காது என்று வாதிடுவோர் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது; பெக்கூருக்கு முந்தைய தொகுப்புகள் பலவற்றை அந்துப்பூச்சியும் வண்டும் அரித்துத் தீர்த்தன. ஆனால் பூச்சியைக் கொல்வதற்கு வேலைக்காரரின் விரலைப் பலியிட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த மொண்டேகு பிரவுன், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாஷாணத்தைக் கடுமையாக எதிர்த்தார். சுண்ணக்கட்டித் தூள், சோப்பு, பிளீச்சிங் பவுடர், கஸ்தூரி சேர்ந்த கலவையை அதற்கு மாற்றாக முன்வைத்தார். அவர் பேச்சு முழுதாக எடுபடவில்லை. பாஷாணம் 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் புழங்கியது. பாடம் செய்த பழைய பறவைகளைக் கையுறை போடாமல் தொடக் கூடாது என்று அருங்காட்சியகங்கள் இன்றும் எச்சரிக்கின்றன.