இரும்பு மட்டை (குழிப்பந்தாட்டம்)

இரும்பு மட்டை என்பது குழிப்பந்தாட்டத்தில் பந்தைக் குறித்த தொலைவுக்கு அடிக்கப் பயன்படும், உலோகத் தலை கொண்ட மட்டை ஆகும். மட்டையின் எண் கூடக்கூட முகத்தின் சாய்கோணம் கூடும். தண்டின் நீளம் குறையும். பந்து உயர எழும்பி அருகில் விழும். விதிகளின்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு சுற்றில் எல்லா வகைகளும் சேர்த்து 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம்.

வகைகள்

* அடித்து உருவாக்கியவை: மென்மையான கார்பன் எஃகைச் சூடாக்கி அச்சில் அடித்துச் செய்யப்படுபவை. இவற்றுள் மெல்லிய தலையுடைய 'பிளேடு' தோற்றத்தில் அழகானது. நடுவில் படாத அடியை மன்னிக்காது.
* வார்த்தவை: பெரும்பாலும் துருவேறா எஃகை உருக்கி, மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை; பொதுவாக விலை குறைவு. அரியலூர் மாவட்டத்தின் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள சுவாமிமலையில் உலோகச் சிலைகள் வார்க்கப்படுவதும் இதே அடிப்படையில்தான். பின்புறத்தைக் குழிவாக்கி எடையை விளிம்புக்கு நகர்த்துவதால், பிசகிய அடியிலும் தலை குறைவாகவே திரும்புகிறது. நார்வேயில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ஸ்டன் சோல்கைம் இவ்வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர்.

தெரிவு

முன்னர் 7ஆம் எண் மட்டையின் சாய்கோணம் ஏறத்தாழ 35 பாகையாக இருந்தது. தற்காலத்து மட்டைகள் பலவற்றில் இது 30 பாகைக்கும் குறைவு. எனவே புதிய மட்டை தரும் கூடுதல் தொலைவில் ஒரு பகுதி சாய்கோணத்தால் வருவதே. விலையை ஒப்பிடுவோர் ஒரே எண்ணை அன்றி, ஒரே சாய்கோணமுள்ள மட்டைகளை ஒரே திடலில் அடித்துப் பார்த்தல் வேண்டும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவாதலால், பந்து சமவெளியைவிடத் தொலைவாகச் செல்லும்.